கோழி வாலைத் தாழ்த்தி நிற்கிறது, இரண்டு நாளாக முட்டை இல்லை: அவசர உதவி தேவை

மாடிக்கூடு, கொளத்தூர்
மே 11, மாலை 5:42

வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து கோழிகள் இருக்கின்றன. நான்கு சிறுவிடை நாட்டுக்கோழி, ஒன்று வனராஜா இனம். சிறுவிடைகளில் ஒன்றுக்கு என் மகள் செம்பி என்று பெயர் வைத்திருக்கிறாள். ஒன்பது மாதக் கோழி. மார்ச் கடைசியில் முட்டைக்கு வந்து இதுவரை 14 முட்டை இட்டிருக்கிறாள்.

நேற்றுக் காலை வழக்கம்போலக் கூடையில் ஏறினாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். மதியம் வரை இப்படியே. நடுநடுவே கேறினாள், ஆனால் முட்டை இல்லை. இன்று கூடைப் பக்கமே போகவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, வாலைத் தரையை நோக்கித் தாழ்த்தி, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நட்டமாக நிற்கிறாள். இறக்கைகள் தொங்குகின்றன. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வால் மேலும் கீழும் துடிக்கிறது. எச்சம் மிகக் குறைவு, வெள்ளையாகத் தண்ணீர் போல. கம்பைக் கையில் வைத்து நீட்டினாலும் கொத்தவில்லை.

தீவனம் என்று பார்த்தால் பெரும்பாலும் மிச்சச் சோறு, குருணை, கொஞ்சம் கம்பு, கீரைத்தண்டு. என்ன செய்வது என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

வண்டலூர் வாசி
மே 11, மாலை 6:03

அடைக்கு வந்திருக்கும். ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் வாயில் ஊற்றுங்கள். முட்டை இருந்தால் வயிற்றைப் பின்பக்கமாக மெதுவாக அமுக்கிக்கொண்டே வாருங்கள், வந்துவிடும். ஊரில் எங்கள் ஆத்தா அப்படித்தான் எடுப்பார்.

செங்கோழி, புழல்
மே 11, மாலை 6:11

மாடிக்கூடு, தயவுசெய்து அமுக்காதீர்கள். எண்ணெயும் வாயில் ஊற்ற வேண்டாம். சோர்ந்த கோழிக்கு ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அதோடு வாயில் ஊற்றுகிற எண்ணெய் குடலுக்குத்தான் போகும், முட்டைக் குழாய்க்குப் போகாது. இரண்டும் கடைசியில் ஒரே வாசலில் திறந்தாலும் வழி வேறு.

வண்டலூர் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இது அடை இல்லை. அடைக்கோழி கூடையை விட்டு இறங்காது. தட்டையாகப் பரப்பிக்கொண்டு உட்காரும். கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்து உறுமும், கொத்தும். நாளுக்கு ஒரு முறை இறங்கி, நாற்றமடிக்கும் எச்சத்தைக் குவியலாகப் போட்டுவிட்டு, அவசரமாக இரை தின்று, ஓடிப்போய் மறுபடி உட்காரும். செம்பி நிற்கிறாள். எச்சம் இல்லை. வால் துடிக்கிறது. உள்ளே முட்டை சிக்கியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

முதலில் தொட்டுப் பாருங்கள். இறக்கைகளைச் சேர்த்துப் பிடித்து, கோழியை உங்கள் இடுப்போடு அணைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்கும் ஆசனவாய்க்கும் நடுவே வயிற்றைத் தாங்குவது போலத் தொடுங்கள். தாங்கினால் போதும், அழுத்தம் வேண்டாம். எலுமிச்சம்பழம் போலக் கெட்டியாக ஏதாவது தட்டுப்படுகிறதா? அல்லது வயிறு முழுவதும் தண்ணீர் நிரப்பிய பலூன் போலத் தளும்புகிறதா? இரண்டும் வேறு வேறு நோய். பார்த்துவிட்டு எழுதுங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்.

மாடிக்கூடு, கொளத்தூர்
மே 11, மாலை 6:29

கெட்டியாகத்தான் இருக்கிறது அக்கா. தளும்பவில்லை. ஒரு பக்கமாக, இடது பக்கம் சாய்ந்தாற்போல இருக்கிறது.

செங்கோழி, புழல்
மே 11, மாலை 6:40

சரி. கோழிக்கு வேலை செய்வது இடது பக்கத்துச் சூலகமும் இடது முட்டைக் குழாயும் மட்டும்தான். அதனால் இடது பக்கம் தட்டுப்படுவது பொருந்துகிறது.

இப்போது வெயில் இறங்கிவிட்டதா? இறங்கிய பிறகு செய்யுங்கள். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், 38 முதல் 40 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு. வயிறு முழுகும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும். 15 முதல் 20 நிமிடம் உட்கார வையுங்கள். பிறகு துண்டால் நன்றாக ஒற்றி, ஆசனவாயைச் சுற்றியும் விளிம்பின் உட்பக்கத்திலும் சுத்தமான தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் தடவுங்கள். நகம் வெட்டிய விரல், முடிந்தால் கையுறை.

வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் வைட்டமின் டி3 சேர்ந்த சாதாரணக் கால்சியம் மாத்திரை இருந்தால் ஒன்றை உடைத்து, துண்டு துண்டாக நாக்கின் பின்பகுதியில் வைத்து விழுங்கச் செய்யுங்கள். ஓட்டுக்கு மட்டுமல்ல, முட்டையைத் தள்ளுகிற தசை சுருங்குவதற்கும் கால்சியம் வேண்டும். பல கோழிகள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

பிறகு மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்து இருட்டான, அமைதியான இடத்தில் வையுங்கள். இணையத்தில் சூடு விளக்கு போடச் சொல்லி நிறைய எழுதியிருப்பார்கள். அது குளிர் நாட்டுக்காரர்களுக்கு. கத்திரி வெயிலில் சென்னையில் சூடு விளக்கு போட்டால் கோழி அதனாலேயே செத்துப்போகும்.

அம்பத்தூர்க்காரன்
மே 11, மாலை 6:58

என்னிடம் மனிதர்களுக்கான ஆன்டிபயாட்டிக் மாத்திரை மிச்சம் இருந்தது. போன மாதம் என் கோழி சோர்ந்து நின்றபோது அரை மாத்திரை கொடுத்தேன், மறுநாள் முட்டை இட்டுவிட்டது. முயன்று பாருங்கள்.

மாடிக்கூடு, கொளத்தூர்
மே 11, இரவு 8:35

அக்கா சொன்னபடி செய்தேன். எழுதியே ஆக வேண்டும் போல இருக்கிறது.

தண்ணீர் வயிற்றைத் தொட்டதும் இரண்டு கால்களாலும் உதைத்தாள். பிடித்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது நிமிடம் வாக்கில் கால்கள் தளர்ந்தன. கழுத்தை என் மணிக்கட்டில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். போய்விட்டாளோ என்று பயந்து லேசாக அசைத்தேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். என் மகள் டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீருக்குள் என் விரல் ஆசனவாய்க்குக் கீழே இருந்தது. அது சுருங்கி விரிவது தெரிந்தது. ஒவ்வொரு முறையும் அந்தக் கெட்டி ஒரு நெல் அளவு முன்னால் வந்து, திரும்பவும் உள்ளே போய்விட்டது.

20 நிமிடம் ஆனது. முட்டை வரவில்லை. எண்ணெய் தடவி, கால்சியம் கொடுத்து, அட்டைப் பெட்டியில் பழைய பருத்திப் புடவை விரித்து மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். தண்ணீர் ஐந்தாறு மிடறு குடித்தாள். இனி என்ன?

கால்நடை மருத்துவர் (ஓய்வு), மாதவரம்
மே 11, இரவு 9:10

செங்கோழி சொன்ன முதலுதவி சரி. இரவு 11 மணிக்கு இன்னொரு முறை செய்யலாம். அதற்கு மேல் வீட்டில் முயல வேண்டாம். முட்டை சிக்கி 24 மணி நேரம் தாண்டிவிட்டது. 48 மணிக்குள் எடுக்காவிட்டால் பெரும்பாலும் பிழைக்காது. பெரிய முட்டை இடுப்பில் ஓடுகிற நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் சிறுநீர்க் குழாயையும் அழுத்துகிறது. எச்சம் நின்றதும் கால் தளர்வதும் அதனால்தான்.

காலையில் முதல் வேலையாக வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. கோழி பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிற இடம். அட்டைப் பெட்டியில் காற்றுத் துளை போட்டு, நிழலாக, குலுங்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

அம்பத்தூர்க்காரருக்கு ஒன்று. முட்டை சிக்குவது கிருமி நோய் அல்ல, வழியடைப்பு. உங்கள் கோழி அந்த மாத்திரையால் முட்டை இடவில்லை, மாத்திரை கொடுத்த பிறகு இட்டது. குழாயில் தொற்று இருக்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொன்னால் மட்டும்தான் ஆன்டிபயாட்டிக். அப்போதும் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கொடுத்த மருந்து முட்டைக்குள் வரும், அதைச் சாப்பிடுவது உங்கள் வீட்டுக் குழந்தை. கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுக்க 2019-இல் இந்திய அரசு தடை போட்டது, மனிதர்களுக்கு அது கடைசிக் கட்ட மருந்து என்பதால். மிச்ச மாத்திரையைக் கோழிக்குக் கொடுக்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

அம்பத்தூர்க்காரன்
மே 11, இரவு 9:22

ஐயா, தெரியாமல் செய்துவிட்டேன். அந்த வாரம் முட்டையை நாங்கள் சாப்பிட்டோம். இனிமேல் கொடுக்க மாட்டேன்.

மாடிக்கூடு, கொளத்தூர்
மே 12, பிற்பகல் 2:15

செம்பி உயிரோடு இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

காலை ஆறரைக்கு, வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஒரு தனியார் பிராணி மருத்துவமனையில் கேட்டேன். நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரை மணி நேரம் வீணானது. பிறகு ஆட்டோ பிடித்து வேப்பேரி போனேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரே முட்டை. ஓடு மிக மெல்லிய கோடாகத் தெரிந்தது, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கால்சியம் ஊசி போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். வரவில்லை. பிறகு வழவழப்பான ஜெல் செலுத்தி, ஆசனவாயை விரித்து, முட்டையின் முனை தெரிந்ததும் ஊசியால் உள்ளே இருந்த கருவையும் வெண்கருவையும் உறிஞ்சி எடுத்தார்கள். முட்டை காற்றுப்போன பை போலச் சுருங்கியது. அதை மடக்கி, கிழியாமல் இழுத்து எடுத்தார்கள். கையில் கொடுத்தார்கள். ஓடு என்று சொல்ல முடியாது. ஈரமான காகிதம் போல, அங்கங்கே சுண்ணாம்புப் பொடி ஒட்டியது போல இருந்தது.

வண்டலூர் ஐயா சொன்னபடி நான் அமுக்கியிருந்தால் அது உள்ளேயே கிழிந்திருக்கும் என்று அந்த இளம் மருத்துவர் சொன்னார்.

வண்டலூர் வாசி
மே 12, பிற்பகல் 3:01

படித்தேன் அம்மா. பிழைத்ததில் மிகவும் மகிழ்ச்சி. ஆத்தா அமுக்கி எடுத்த கோழிகளில் சில மறுவாரம் செத்துப்போனது இப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அப்போது அதைக் கழிச்சல் என்று நினைத்துக்கொண்டோம்.

செங்கோழி, புழல்
மே 12, பிற்பகல் 3:20

அண்ணா, நானும் ஒரு கோழியை அப்படி இழந்தவள்தான். உள்ளே உடைந்த ஓட்டின் முனை குழாயைக் கிழித்துவிட்டது. மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து போனாள். அதனால்தான் நேற்று அவ்வளவு வேகமாக எழுதினேன்.

மாடிக்கூடு, ஒரு வாரத்துக்குத் தனியாகவே வையுங்கள். நாளுக்கு இரண்டு முறை பின்பக்கத்தைப் பாருங்கள்.

மாடிக்கூடு, கொளத்தூர்
மே 13, காலை 7:05

அக்கா, பின்பக்கத்தில் சிவப்பாகச் சதை கொஞ்சம் வெளியே தெரிகிறது. ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. இரத்தம் இல்லை. திரும்பவும் வேப்பேரிக்கா?

செங்கோழி, புழல்
மே 13, காலை 7:12

மருத்துவமனைக்கு போன் செய்து சொல்லிவிடுங்கள். அதற்குள் செய்ய வேண்டியது: குழாயின் உட்சுவர் பிதுங்கி வந்திருக்கிறது, முக்கி முக்கி வந்தது. காயவிடக் கூடாது. காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஒன்றே முக்கால் தேக்கரண்டி உப்பு போட்டுக் கழுவுங்கள். வீக்கம் இருந்தால் வெள்ளைச் சர்க்கரையைக் குழைத்துப் பத்து நிமிடம் பூசி வையுங்கள். சர்க்கரை நீரை இழுத்துக்கொள்ளும், வீக்கம் வடியும். கழுவிவிட்டு வாசலின் தடவி, விரல் நுனியால் மெதுவாக உள்ளே தள்ளிச் சிறிது நேரம் பிடித்துக்கொள்ளுங்கள்.

மற்றக் கோழிகள் கண்ணில் மட்டும் படவே கூடாது. சிவப்பைக் கண்டால் கொத்தும். கொத்த ஆரம்பித்தால் குடலை இழுத்துவிடும் வரை விடாது. இருட்டில் வைத்தால் அடுத்த முட்டையும் தள்ளிப்போகும், அது நல்லது.

மாடிக்கூடு, கொளத்தூர்
மே 13, இரவு 9:40

உள்ளே போய்விட்டது. மாலையில் ஒருமுறை வெளியே வந்தது, மறுபடி தள்ளினேன். இப்போது இல்லை. மருத்துவரும் இதையேதான் சொன்னார், நாளைக்கும் வந்தால் தையல் போட அழைத்து வரச் சொன்னார். ஒரு வேண்டுகோள். இது ஏன் வந்தது என்று யாராவது விளக்க முடியுமா? மற்ற நான்கு கோழிகளுக்கும் இதே சோறுதான் போடுகிறேன்.

கால்நடை மருத்துவர் (ஓய்வு), மாதவரம்
மே 13, இரவு 10:30

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

மஞ்சள் கரு சூலகத்திலிருந்து விடுபட்டு முட்டையாக வெளியே வர ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. வெண்கரு சேர மூன்று மணி நேரம். ஓட்டுக்குள் இருக்கும் தோல் சேர ஒன்றேகால் மணி நேரம். மிச்சம் ஏறக்குறைய 20 மணி நேரமும் ஓடு கட்டுவதற்குத்தான். அதில் பெரும்பகுதி இரவில், கோழி தூங்கும்போது நடக்கிறது. அந்த நேரத்தில் இரைப்பையில் கால்சியம் இல்லையென்றால் உடம்பு அதன் எலும்பைக் கரைத்து எடுக்கும். எலும்பிலும் குறைந்துவிட்டால் ஓடு மெலியும். மெலிந்த ஓட்டைத் தசையால் பிடித்துத் தள்ள முடியாது. நனைந்த சாக்கைத் தள்ளுவது போல வழுக்கும். அதோடு தசைக்கே கால்சியம் போதாது. செம்பிக்கு நடந்தது இது.

கணக்கைப் பாருங்கள். உங்கள் சிறுவிடையின் முட்டை 40 கிராம் இருந்தால் ஓடு 4 கிராம் இருக்கும். அதில் கால்சியம் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை கிராம். 100 கிராம் அரிசியில் இருக்கும் கால்சியம் 10 மில்லிகிராம் அளவுதான். ஒன்றரை கிராம் என்பது 1500 மில்லிகிராம். சோற்றில் வளரும் கோழி இந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்பும்? சோறு வயிற்றை நிரப்புகிறது, கொழுப்பைச் சேர்க்கிறது. கொழுத்த கோழிக்கு முட்டை வரும் வழியும் குறுகும்.

இரண்டாவது காரணம் வெயில். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அப்படி இரைக்கும்போது இரத்தத்தில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட் வருவது இதே கார்பன் டை ஆக்சைடிலிருந்து. கால்சியம் போதுமான அளவு இருந்தாலும், மே மாதத்தில் ஓடு மெலிவதற்கு இது காரணம். மொட்டை மாடியில் தளமும் கக்குகிற சூட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற நான்குக்கும் இன்னும் வராதது அவற்றின் எலும்பில் கொஞ்சம் சேமிப்பு இருப்பதால். செம்பி இளம் கோழி, முட்டைக்கு வந்த புதிது, சேமிப்பு குறைவு.

தாம்பரம் தோட்டம்
மே 14, காலை 8:15

ஐயா, நான் கேழ்வரகு போடுகிறேன். அதில் கால்சியம் அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது போதாதா? வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலந்தும் வைப்பது உண்டு.

கால்நடை மருத்துவர் (ஓய்வு), மாதவரம்
மே 14, காலை 9:02

கேழ்வரகு நமக்கு நல்லது. 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவு இருக்கிறது. கோழி நாளுக்குத் தின்பதே ஏறத்தாழ 100 கிராம். முழுக்கக் கேழ்வரகே தின்றாலும் ஓட்டுக்கு வேண்டிய ஒன்றரை கிராமில் கால்பங்குகூடக் கிடைக்காது.

சுண்ணாம்பைக் குழைத்துச் சோற்றில் வைக்கவே வேண்டாம், வாயையும் தொண்டையையும் புண்ணாக்கிவிடும். தெளிந்த சுண்ணாம்பு நீர் அந்த அளவு ஆபத்தில்லை, ஆனால் பயனும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றே முக்கால் கிராமுக்கு மேல் சுண்ணாம்பு கரையாது. கோழி குடிக்கிற கால் லிட்டரில் கால்சியம் கால் கிராம்கூடத் தேறாது. அதோடு அந்த ருசி பிடிக்காமல் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கும். கத்திரியில் அதுதான் பெரிய கேடு.

லேயர் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் இருக்கிறது. 100 கிராம் தின்றால் மூன்றரை கிராமுக்குக் குறையாது. முட்டையிடும் கோழிக்கு அதுதான் முதன்மைத் தீவனம். சோறு, கம்பு, கீரை எல்லாம் மேலே கொஞ்சம். முட்டைக்கு வராத குஞ்சுகளுக்கும் சேவலுக்கும் அதே தீவனத்தைப் போடாதீர்கள், அவற்றின் சிறுநீரகம் கெட்டுப்போகும்.

செங்கோழி, புழல்
மே 14, காலை 9:30

கிளிஞ்சலை மறந்துவிட்டீர்களே ஐயா. தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் நொறுக்கு வையுங்கள். மாவாக அரைக்காமல் பச்சரிசி முதல் துவரம்பருப்பு வரை அளவில் இருக்கட்டும். பெரிய துண்டு இரைப்பையில் நின்று இரவு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். நான் மாலை நாலரைக்கு வைக்கிறேன். முட்டை இடுகிற கோழி தானாக வந்து பொறுக்கும், மற்றது திரும்பியும் பார்க்காது. கடற்கரையில் பொறுக்கினால் நல்ல தண்ணீரில் நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும். சாப்பிட்ட முட்டை ஓட்டையும் கொடுக்கலாம். வாணலியில் வறுத்து, முட்டை என்று அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்குங்கள். அப்படியே போட்டால் சொந்த முட்டையைக் கொத்தித் தின்னப் பழகிவிடும்.

கீழ்க்கட்டளை
மே 15, இரவு 8:50

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் கோழிக்கும் நின்ற நிலை இதேதான். நெஞ்சை நிமிர்த்தி, வாலைத் தாழ்த்தி. ஆனால் தொட்டால் கெட்டியாக எதுவும் இல்லை. செங்கோழி முதல் நாள் எழுதியது போலத் தளும்புகிறது. பண்ணையில் கழித்த முட்டைக்கோழியாக வாங்கியது, இரண்டரை வயது இருக்கும். வயிறு சூடாக இருக்கிறது, அடிவயிற்றில் இறகு உதிர்ந்து தோல் சிவந்திருக்கிறது. வெந்நீரில் இரண்டு நாள் உட்கார வைத்தேன். பயனில்லை. கொண்டை வெளுத்துவிட்டது.

கால்நடை மருத்துவர் (ஓய்வு), மாதவரம்
மே 15, இரவு 9:25

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மஞ்சள் கரு குழாய்க்குள் போகாமல் வயிற்றறைக்குள் விழுந்திருக்கிறது. அங்கே கிருமி பிடித்து அழற்சியாகிவிட்டது போலத் தெரிகிறது. பண்ணைக் கோழிகளை ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும்படி வளர்த்தெடுத்திருக்கிறார்கள். அந்த உடம்பு இரண்டாம் ஆண்டிலிருந்து இப்படித்தான் உடைகிறது. வெந்நீர் இதற்கு உதவாது, நிறுத்திவிடுங்கள். மருத்துவர் ஊசி போட்டு நீரைக் கொஞ்சம் வடிக்கலாம், மருந்து கொடுக்கலாம். கட்டியாலும் இப்படி வயிறு வீங்கும், அதையும் பார்ப்பார். நான் உங்களுக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டு ஏமாற்ற விரும்பவில்லை. இந்தக் கட்டத்தில் பிழைப்பது அரிது. வலியில் வைத்திருக்காதீர்கள், நாளைக்கே காட்டுங்கள்.

கீழ்க்கட்டளை
மே 16, மாலை 6:10

காட்டினேன். நீங்கள் சொன்னதுதான். வடித்த நீர் மஞ்சளாக, கட்டி கட்டியாக இருந்தது. வலியில்லாமல் முடித்துவிடலாம் என்று சொன்னார்கள், சம்மதித்தேன். என் அம்மா அவளுக்குத் தினமும் காலையில் தோசைத் துண்டு போடுவார். இன்று காலையும் எடுத்து வைத்திருந்தார்.

செங்கோழி, புழல்
மே 16, மாலை 6:22

சரியானதைத்தான் செய்தீர்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் தோட்டம்
மே 18, காலை 7:48

இன்னொரு சந்தேகம். என்னிடம் எட்டுக் கோழி, இரண்டு வாத்து. பத்து நாளாக எல்லாக் கோழியும் தோல்முட்டை இடுகிறது. பழுப்பு முட்டை முதலில் வெளுத்தது, பிறகு ஓடே இல்லை. கோழிகள் நன்றாக ஓடியாடுகின்றன, தீனியும் எடுக்கின்றன. லேயர் தீவனம்தான். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் கால்சியம் குறையுமா?

கால்நடை மருத்துவர் (ஓய்வு), மாதவரம்
மே 18, காலை 8:30

ஒரு கோழி தோல்முட்டை இட்டால் அந்தக் கோழியைப் பாருங்கள். எல்லாமே இட்டால் தீவன மூட்டையையும் தொற்றையும் பாருங்கள். புது மூட்டை பிரித்த பிறகு ஆரம்பித்ததா? இல்லையென்றால், நிறம் வெளுத்து ஓடு மறைவது, கோழி மட்டும் நலமாக இருப்பது, பக்கத்தில் வாத்து என்பவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது முட்டை வீழ்ச்சி நோய் என்ற வைரஸ் நினைவுக்கு வருகிறது. 1976-இல் கண்டறிந்தது. இயல்பாக அது வாத்தில் தங்குவது, வாத்துக்கு ஒன்றும் செய்யாது. மருந்து கிடையாது, தடுப்பூசி உண்டு. வாத்தின் தண்ணீரையும் எச்சத்தையும் கோழியிடமிருந்து பிரித்துவிடுங்கள். தும்மலோ, நீர்த்த வெண்கருவோ, சுருக்கம் விழுந்த ஓடோ இருந்தால் அது வேறு வைரஸ். கழுத்து முறுக்கிக்கொண்டால், பச்சைக் கழிச்சல் இருந்தால் வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோயாக இருக்கும், அதைக் காத்திருந்து பார்க்கக் கூடாது. மாதிரி எடுத்துச் சோதித்தால்தான் உறுதி.

அம்பத்தூர்க்காரன்
மே 19, இரவு 7:15

என் விடைக்கோழிகள் ஐந்தரை மாதம் ஆகியும் முட்டைக்கு வரவில்லை. இரவில் பல்ப் போட்டால் சீக்கிரம் வரும் என்கிறார்களே?

செங்கோழி, புழல்
மே 19, இரவு 7:40

தம்பி, அவசரப்படுத்தாதே. சென்னையில் டிசம்பரில் பகல் 11 மணி 20 நிமிடம் அளவு, ஜூனில் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம். பண்ணைகளில் விளக்குப் போட்டு 16 மணி நேரம் வரை நீட்டுகிறார்கள். உடம்பு வளரும் முன்னே வெளிச்சம் காட்டி முட்டையை இழுத்தால், இடுப்பு விரியாத கோழிக்கு முட்டை சிக்கும், சதை வெளியே வரும். மேலே செம்பிக்குப் பட்டதைப் படித்தாயே. நாட்டுக்கோழி ஆறு, ஏழு மாதத்துக்கு வரும், சில எட்டு மாதமும் எடுக்கும். ஆசனவாய்க்குக் கீழே இரண்டு பக்கமும் எலும்பு முனை குச்சி போலத் தட்டுப்படும். நடுவே ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு, மூன்று விரல் நுழைந்து, கொண்டை சிவந்து, நீ கை வைத்ததும் முதுகைத் தாழ்த்தி உட்கார்ந்தால் கூடையைத் தயாராக வை.

மாடிக்கூடு, கொளத்தூர்
ஜூன் 6, காலை 8:20

மூன்று வாரமாக எழுதவில்லை, மன்னியுங்கள். சதை பிறகு வெளியே வரவில்லை, தையலும் தேவைப்படவில்லை. மாடியில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுவிட்டோம். பகலில் மூன்று முறை தண்ணீர் மாற்றுகிறேன், மண் சட்டியில். சோற்றை நிறுத்தி லேயர் தீவனம், மாலையில் கிளிஞ்சல். முதல் நாள் நான்கு கோழியும் கிண்ணத்தைச் சுற்றி நின்று கொத்திய கொத்தில் அரை மணியில் காலி. அவ்வளவு பசி அவற்றுக்கு இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இன்று காலை ஏழு மணிக்குச் செம்பி கூடையில் ஏறினாள். நானும் மகளும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். ஏழு ஐம்பதுக்குக் கேறினாள். முட்டை 41 கிராம். கெட்டி ஓடு, தட்டினால் சத்தம் வருகிறது. ஒரு முனையில் மட்டும் மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பாக இருக்கிறது. கிளிஞ்சல் அதிகமாகிவிட்டதா?

கால்நடை மருத்துவர் (ஓய்வு), மாதவரம்
ஜூன் 6, காலை 9:05

இடைவெளிக்குப் பின் வரும் முதல் முட்டையில் அப்படிச் சொரசொரப்பு இருந்தால் கவலை இல்லை. கிளிஞ்சலைக் குறைக்க வேண்டாம். அடுத்து வரும் நான்கு முட்டையையும் எடை போட்டு, தேதியோடு இங்கே எழுதுங்கள்.

மாடிக்கூடு, கொளத்தூர்
ஜூன் 6, காலை 9:11

எழுதுகிறேன் ஐயா. மகள் ஏற்கெனவே நோட்டில் கோடு போட்டுவிட்டாள்.